ஐந்நூறு பிராங்கும் ஒரு தவிலும்

"இது தவில் இல்லைத் தம்பி. வாளியிலை தட்டுற சத்தம்" என்று அம்மா சொன்னார்.

அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பதிவு செய்த கசெற் அது. மேளக் கச்சேரி. நாதஸ்வரக்காரருக்கு மிக அருகில் கசெற் றெக்கோடரை வைத்துக்கொண்டு, தானும் பக்கத்திலேயே இருந்து பதிந்தது. அப்பா இப்போது இல்லை. லுசேர்ண் நகரின் ஓரத்தில், மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அம்மா வந்து சேர்ந்தபோது அவரது பெட்டியில் அந்தக் கசெற்றும் இருந்தது. நான் அதைக் கணினிக்கு மாற்றி, கைத்தொலைபேசியில் போட்டுக் கொடுத்தேன். அம்மா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் மேற்கண்டவாறு சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பழைய நாடா, தேய்ந்திருக்கும், அம்மாவின் காதும் முன்னைப்போல் இல்லை என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது முழு உண்மை. கைத்தொலைபேசியின் ஸ்பீக்கர் ஒரு விரல் நகமளவு. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் 'டக்' என்ற ஓசை அதில் வரும். தொப்பியில் கழி விழுந்து எழும் அடிநாதம் அதில் வரவே வராது. பாதித் தவிலைத்தான் நான் அம்மாவுக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு ஸ்ரீரியோ வாங்குவதென்று தீர்மானித்தேன். ஒதுக்க முடிந்த தொகை 500 பிராங். சுவிற்சர்லாந்தில் இதை ஒரு தொகையென்று சொல்லக் கடைக்காரர்கள் கூச்சப்படுவார்கள். ஆனால் இது போதும். எப்படிப் போதும் என்பதை, என்னைப்போல் அதிகம் செலவழிக்க இயலாத வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

வாட் என்னும் மாயை

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நாம் 'ஒலிபெருக்கி' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருட்களைக் குறிக்கிறோம். ஒன்று, மெலிந்த மின்சைகையை வலுவாக்கும் பெட்டி. இலங்கையில் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு 'விரியலாக்கி' என்ற சொல் நினைவிருக்கும். மற்றது, அந்த மின்சாரத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றும் ஸ்பீக்கர். இங்கு முதலாவதை அம்பிளிபயர் என்றும் இரண்டாவதை ஸ்பீக்கர் என்றுமே எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சைக்கிள் டைனமோ ஒன்று தருவது பொதுவாக 6 வோல்ற், 3 வாட். அந்த மூன்று வாட்டிலும் ஒரு பகுதியைக்கொண்டே முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் செய்தி கேட்டார்கள்.

இதன் பின்னாலுள்ள கணக்கு எளியது. அம்பிளிபயரின் வலுவை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு ஒலி இரண்டு மடங்காகியது போலத் தோன்றவேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூடவேண்டும். அதற்கு வலு பத்து மடங்கு தேவை. ஆகவே 50 வாட் அம்பிளிபயருக்கும் 100 வாட் அம்பிளிபயருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். காதுக்கு அது சிறிய வித்தியாசமே.

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கையேட்டிலோ இன்னொரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்பதே அது. இதை உணர்திறன் என்பர். வீட்டு ஸ்பீக்கர்களில் 85 முதல் 90 வரை சாதாரணமாகக் காணலாம். 87 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒவ்வொரு வாட் கொடுத்து, இரண்டரை மீற்றர் தள்ளியிருந்து கேட்டால், சாதாரண அறையில் 80 டெசிபலுக்குச் சற்று மேல் கிடைக்கும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவு. ஆக ஒரு வாட்டிலேயே அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தவிலின் தீர்மானம் போன்ற திடீர் உச்சங்களுக்குப் பத்து முதல் முப்பது மடங்கு கையிருப்பு வேண்டும். உண்மையான 30 வாட் இருந்தால் வீட்டுக்குத் தாராளம். 'உண்மையான' என்று சொல்வதற்குக் காரணம், மலிவுப் பெட்டிகளில் 1000 வாட் என்று ஒட்டியிருப்பது ஒரு கணப்பொழுது உச்சமாகவோ வெறும் அலங்காரமாகவோ இருக்கலாம் என்பதே.

காசை எங்கே போடுவது?

ஓரளவு நல்ல அம்பிளிபயர்கள் இரண்டுக்கிடையில் காதால் வேறுபாடு காண்பது கடினம். ஸ்பீக்கர்கள் இரண்டுக்கிடையில் வேறுபாட்டைக் காண ஒரு நிமிடம் போதும். எனவே பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே. நான் செலவழித்தது இவ்வாறு: பழைய புத்தகத்தட்டு அளவு ஸ்பீக்கர் சோடி 220 பிராங், பழைய அம்பிளிபயர் 90, கசெற் தட்டு 40, செப்புக் கம்பி 25, தடித்த கம்பளம் 80. மொத்தம் 455. கம்பளம் இந்தப் பட்டியலில் ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அம்பிளிபயரில் பார்க்கவேண்டியவை மூன்று. முதலாவது, அது எத்தனை ஓம் ஸ்பீக்கரைத் தாங்கும் என்பது. ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் அம்பிளிபயரும் 4 ஓமுக்கு அனுமதிக்கவேண்டும். இல்லாவிட்டால் சூடாகி நின்றுவிடலாம். இரண்டாவது, உங்களிடம் இருப்பவற்றை இணைக்கும் வழி. கசெற், குறுந்தட்டு ஆகியவற்றுக்குச் சாதாரண உள்ளீடு போதும். இசைத்தட்டு சுழற்றிக்கு 'போனோ' என்று குறித்த தனி உள்ளீடு வேண்டும், ஏனெனில் காந்த ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ற் மட்டுமே. கைத்தொலைபேசிக்கு ஒரு சிறிய புளூரூத் வாங்கியை எந்தப் பழைய அம்பிளிபயரிலும் செருகிவிடலாம். மூன்றாவது, வானொலியும் சேர்ந்த பழைய றிசீவர் என்றால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சுவிஸ் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 உடன் பண்பலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டது.

புறோக்கிக்குப் போகும்போது

இந்த நாட்டில் ஏழைக்கும் இசைப்பிரியனுக்கும் ஒரே கோயில் 'புறோக்கி' எனப்படும் பழைய பொருட் கடை. இது பழைய ஒலிக்கருவிகளுக்கு நல்ல நாடு. வில்லி ஸ்ருடர் என்பவர் சூரிச் பகுதியில் தொடங்கிய றெவொக்ஸ் நிறுவனத்தின் ஏ77 நாடாப்பதிவுக் கருவி 1967 இல் வெளிவந்தது. அதே பெயர் பொறித்த அம்பிளிபயர்களும் இன்று பாட்டன்மாரின் வீடுகளிலிருந்து விற்பனைக்கு வருகின்றன. பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். நாற்பது, ஐம்பது வயதுக் கருவியில் மின்தேக்கிகள் காய்ந்திருக்கலாம், திருத்தும் கூலி வாங்கிய விலையைத் தாண்டலாம். சில பழைய ஐரோப்பியக் கருவிகளில் 'டின்' வகைச் செருகிகள் இருக்கும், அவற்றுக்கு மாற்றி தேவைப்படும்.

வாங்குமுன் நான் செய்வது இது. கைத்தொலைபேசியும் அதற்குரிய கம்பியும் கொண்டு போவேன். ஒலித் திருகை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பேன். கரகரத்தால் தூசி, சுத்தம் செய்யலாம். ஒரு பக்கம் அறவே வராவிட்டால் வேண்டாம். ஸ்பீக்கரின் துணி மறைப்பைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பார்ப்பேன். அது பஞ்சுபோன்ற நுரையாயின் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பொடிந்துபோகும். இறப்பர் என்றால் நெடுங்காலம் இருக்கும். கூம்பை நான்கு விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துவேன். உரசும் சத்தம் கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பிறகு, எனக்கு மனப்பாடமான ஓர் இசையைப் போட்டுக் கேட்பேன். கடைக்காரரின் மாதிரி இசையில் எல்லா ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர்தான். நமக்குத் தெரிந்த மனிதக் குரலும், நாதஸ்வரமும், தவிலும் பொய் சொல்லா. நாதஸ்வரம் காதைக் குத்தினால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு ஆகாது. தவிலில் தொப்பியும் வலந்தலையும் ஒரே தோலிலிருந்து வருவதுபோல் ஒலித்தாலும் ஆகாது.

அறையும் ஒரு கருவி

எல்லாம் வாங்கி வந்து இணைத்த முதல் நாள் பெரிய ஏமாற்றம். தவில் வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குற்றம் கருவியில் இல்லை, அறையில். கொங்கிறீற் சுவர், மரத்தரை, பெரிய கண்ணாடி யன்னல். ஒலி எதிலும் அடங்காமல் திரும்பத் திரும்பத் தெறித்தது.

லுசேர்ண்வாசிகளுக்கு இது புதுச் செய்தியல்ல. புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில், ஜோன் நுவேல் வடிவமைத்த கே.கே.எல் கட்டடம் இருக்கிறது. 1998 இல் திறக்கப்பட்ட அதன் கச்சேரி மண்டபத்துக்கு ஒலியியல் வகுத்தவர் அமெரிக்கரான றசல் ஜோன்சன். மண்டபத்தைச் சுற்றி வெற்று எதிரொலி அறைகளை அமைத்து, கனமான கதவுகளைத் திறந்தும் மூடியும், வாசிக்கப்படும் இசைக்கேற்ப எதிரொலியை நீட்டவும் குறுக்கவும் வழி செய்தார். இசைக் கருவிகளுக்கு இணையாக அறைக்கும் இந்த நகரம் செலவழித்திருக்கிறது. நான் செலவழித்தது 80 பிராங்குக்குக் கம்பளம். தத்துவம் ஒன்றுதான்.

ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையிலுள்ள தரையில் கம்பளம். யன்னலுக்குத் தடித்த திரை. பின் சுவரில் புத்தக அலுமாரி. ஒழுங்கற்ற புத்தக வரிசைகள் ஒலியைச் சிதறடிக்கும் என்பதால், நூல்கள் வாங்குவதற்கு வீட்டில் எனக்கு ஒரு புதிய நியாயமும் கிடைத்தது. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக இருக்கவேண்டும். சிறிய கூம்பு, இருந்து கேட்பவரின் காது மட்டத்தில் வரவேண்டும். வயது ஏறும்போது உயர்ந்த ஓசைகளே முதலில் காதை விட்டுப் போகின்றன. அவை நேராகக் காதை நோக்கி வந்தால், ஒலியைக் கூட்டாமலே தெளிவு கூடும். மூலைக்குள் தள்ளினால் அடிநாதம் வீங்கும். சுவரிலிருந்து இரண்டு, மூன்று சாண் முன்னே இழுத்தால் சீராகும். இவ்வளவுக்கும் செலவு இல்லை.

அடிநாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது கொங்கிறீற் வழியே இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். இங்கே பெரும்பாலான குடியிருப்புகளில் இரவு 10 மணிக்குப் பிறகு அமைதி என்பது வீட்டு ஒழுங்கு. ஸ்பீக்கரின் கீழ் இறப்பர்த் துண்டுகள் வைத்தேன். பெரிய அடிநாதப் பெட்டி வாங்காமல் விட்டதும் இதற்காகவே. தவிலுக்கு அது தேவையும் இல்லை.

கடைசியாக, கம்பிகள். விலை உயர்ந்த கம்பிகளில் மந்திரம் எதுவுமில்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போதும். ஆனால் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றையொன்று அழிக்கும், அடிநாதம் மறையும். இதைச் சோதிக்க அப்பாவின் கசெற்றே உதவியது. அது ஒற்றைத்தடப் பதிவு. சரியாக இணைத்திருந்தால் முழுக் கச்சேரியும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, வெறுமையான இடத்திலிருந்து வரவேண்டும். வந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. நல்ல ஸ்பீக்கர் குறைகளையும் காட்டும். நாடாவின் இரைச்சல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. பழைய கசெற் வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஓடவிடாமல் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பை இன்று நாம் கேட்க முடிவது, அன்று யாரோ பதிந்து, யாரோ காத்துவைத்ததனால்தான். எங்கள் வீட்டுக் கசெற்றில் இருப்பவர் அவ்வளவு பெயர் பெற்றவர் அல்லர். ஆகவே அதற்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

அன்று மாலை அம்மாவை நடுக் கதிரையில் இருத்திப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டார். தனித்தவில் தொடங்குவதற்கு முன், நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில் அம்மா கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு தம்பி. திருப்பி விடு."

திருப்பிவிட்டேன். இரைச்சலுக்குள் ஒரு சிறு செருமல். எத்தனையோ தடவை கேட்ட கசெற்றில் நான் ஒருபோதும் கவனித்திராதது.

"அப்பா செருமுறார்" என்றார் அம்மா. "தனி துவங்க முன்னம் அப்பிடித்தான் நிமிர்ந்து இருக்கிறவர்."

பிறகு தவில் தொடங்கியது. வாளிச் சத்தம் என்று அம்மா அன்று சொல்லவில்லை.