பொன்னியின் செல்வன் 2: பிளஸ் என்ன, மைனஸ் என்ன? ஆவடி – அரக்கோணம் ரயில் பாதையில் கிடைக்கும் பதில்

மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ம் தேதி வெளியானது. முதல் பாகம் வந்து ஏழே மாதத்தில் வந்த படம். "ஜெயிச்சது அருண்மொழி, அப்புறம் மதுராந்தகனுக்கு ஏன் முடிசூட்டினாங்க?" படம் முடிந்ததும் பலருக்கும் எழும் கேள்வி இதுதான். படம் இதற்குப் பாதி பதில்தான் சொல்கிறது. மீதிப் பதில் ஆவடியிலிருந்து அரக்கோணம் போகும் லோக்கல் ரயில் பாதையில் இருக்கிறது. எப்படி? பார்க்கலாம்.

பலம்: நந்தினியும் கரிகாலனும்

முதல் பாகத்துக்கு எல்லோரையும் அறிமுகப்படுத்தவே நேரம் சரியாகிவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சுமை இல்லை. சாரா அர்ஜுன் நடித்த இளவயது நந்தினியின் காதல் கதையோடு படம் தொடங்குகிறது. அதனால்தான் கடம்பூர் மாளிகையில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிற்கும்போது நமக்கும் பதற்றம் வருகிறது. படத்தின் உயிரே இந்தக் காட்சிதான்.

ரவி வர்மனின் ஒளிப்பதிவு, ஏ.ஆர்.ரஹ்மானின் பின்னணி இசை, தோட்டா தரணியின் கலை இயக்கம் மூன்றும் இந்தப் பாகத்திலும் கைகொடுக்கின்றன. முதல் பாகத்துக்கு ஒளிப்பதிவு, பின்னணி இசை உட்பட நான்கு தேசிய விருதுகள் கிடைத்தன.

பலவீனம் 1: அவசரம்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாக நாவல் இது. இரண்டு படத்துக்குள் அடக்கும்போது வெட்டு விழத்தான் செய்யும். ஆனால் எங்கே விழுந்தது என்பது முக்கியம். நாவலில் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் வேறொருவர் பிள்ளை. நாவலின் பெரிய திருப்பமே இதுதான். படத்தில் இது இல்லை. சேந்தன் அமுதன் ஓரமாக வந்து போகிறார். அதனால்தான் கடைசியில் மதுராந்தகன் மன்னராவது திடீரென்று நடந்ததுபோல் தோன்றுகிறது.

பலவீனம் 2: கடைசிப் போர்

பார்த்திபேந்திரன் இராஷ்டிரகூடர் பக்கம் சேர்வதும், அதைத் தொடர்ந்து வரும் பெரிய போரும் படத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. நாவலின் உச்சக்கட்டம் இது இல்லை. வரலாறும் இதற்குத் துணை நிற்கவில்லை. படத்தில் வரும் கொட்டிகன் காலத்தில் இராஷ்டிரகூடர்களே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். 972-ல் பரமார மன்னன் சீயகன் அவர்கள் தலைநகரான மான்யகேடத்தையே சூறையாடினான்.

சரி, உண்மையான போர் எங்கே நடந்தது?

அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது தக்கோலம். பூந்தமல்லிக்காரர்கள் பேரம்பாக்கம் வழியாகவும் போகலாம். 949-ல் இங்கேதான் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படையும் சோழர் படையும் மோதின. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அடங்கிய தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. கிருஷ்ணனைக் 'கன்னரதேவன்' என்று குறிப்பிடும் கல்வெட்டுகள் திருவொற்றியூர் கோயிலிலேயே உண்டு.

இதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? பட்டத்து இளவரசன் இறந்ததால் ஆட்சி அவன் தம்பி கண்டராதித்தனுக்குப் போனது. அவர் இறந்தபோது மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. அதனால் அடுத்த தம்பி அரிஞ்சயன், பிறகு அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன் என்று ஆட்சி கிளை மாறியது. "அப்பா ஆண்ட நாடு, எனக்குத்தானே வரணும்?" என்ற மதுராந்தகனின் கேள்வி இங்கேதான் பிறந்தது. ஆக, கதையின் முடிவில் வரும் இராஷ்டிரகூடப் போர், உண்மையில் கதையின் தொடக்கத்தில் நடந்த போர்.

முடிசூட்டு விழா கற்பனையா?

இல்லை. அரக்கோணத்துக்கு முன்னால் வரும் ஸ்டேஷன்களில் ஒன்று திருவாலங்காடு. அந்த ஊரில் 1905-ல் கிடைத்த இராஜேந்திர சோழன் காலச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு மக்கள் அருண்மொழியை அரசனாக வேண்டினார்கள். சிற்றப்பாவுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். மதுராந்தகன் உத்தம சோழனாகச் சுமார் 15 ஆண்டுகள் ஆண்டார். 985-ல் அருண்மொழி இராஜராஜனாக அரியணை ஏறினார்.

அப்படின்னா படம் பாஸா, ஃபெயிலா?

மனிதர்களின் கதையாகப் பார்த்தால் முதல் பாகத்தைவிட இது ஒரு படி மேல். அரசியல் கதையாகப் பார்த்தால் ஒரு படி கீழ். முடிவு சரி, அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் படம் சொல்லத் தவறுகிறது. அடுத்த முறை பார்ப்பவர்கள் 949, தக்கோலம் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மதுராந்தகன் வெறும் வில்லனாகத் தெரிய மாட்டார்.