‘ஆப்ஷன் பி ஓகே’

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் நகர்வதும் நிற்பதும் பல சமயம் ஒற்றை வரி மெயிலைப் பொறுத்தது. துணி வாங்கும் வாடிக்கையாளரான பையர் கேட்ட நிறத்துக்கு, சாயப்பட்டறையின் லேபில் சின்னத் துணித் துண்டுகளில் இரண்டு மூன்று சாயல்களை எடுப்பார்கள். ஏ, பி, சி என்று குறித்து, அட்டையில் ஒட்டி, கூரியரில் அனுப்புவார்கள். லேப் டிப் என்பது இதுதான். ஐரோப்பாவில் இருக்கும் பையர் அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கிலும் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கிலும் பார்த்துவிட்டுப் பதில் போடுவார்: “நேவி, ஆப்ஷன் பி ஓகே. பிபி சாம்பிள் எப்போது வரும்?” (பிபி சாம்பிள் என்பது உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் மாதிரி.) இந்த வரி கைக்கு வந்தால்தான் டன் கணக்கில் துணி சாயத்துக்குப் போகும்.

அந்த வரி எங்கே வந்து சேர்கிறது என்பதுதான் விஷயம். வேறொரு ஸ்டைலின் வாஷ் கேர் லேபிளைப் பற்றி ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் மெயிலுக்கு அடியில் அது வரும். தலைப்பில் ‘ரீ: ரீ: ஃபார்வர்டு: ரீ:’ என்று இருக்கும். சிசியில் ஒரு டஜன் பேர். அன்றைக்கு, ஆர்டரைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசர் பிரிண்டிங் யூனிட்டில் நின்றுகொண்டிருப்பார். சிசியில் இருக்கும் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்று நாள் கழித்து டையிங் மாஸ்டர் போன் செய்து, “சார், நேவிக்கு அப்ரூவல் வந்துடுச்சுங்களா?” என்று கேட்கும்போதுதான் மெயிலைத் தேட ஆரம்பிப்பார்கள். போன மூன்று நாளைக் கட்டிங்கிலும் தையலிலும் பேக்கிங்கிலும் பிடுங்கி ஈடுகட்ட வேண்டும். முடியாமல் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அந்த ஆர்டரில் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தை அது விழுங்கிவிடும்.

இதில் யாரையும் பொறுப்பில்லாதவர் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரு மெர்ச்சண்டைசர் ஒரே சமயத்தில் பல ஸ்டைல்களைப் பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் பல நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் லேப் டிப், ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள், பிரிண்ட் இருந்தால் ஸ்ட்ரைக் ஆஃப் எனும் மாதிரி அச்சு என்று வரிசையாக அப்ரூவல்கள். அத்தனையையும் மனதில் வைத்துக்கொள் என்று ஒரு மனிதரிடம் கேட்பதே அநியாயம். பதிந்து வைப்பது, எண்ணிப் பார்ப்பது, நினைவூட்டுவது ஆகிய மூன்றையும் எந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும். ஒப்புக்கொள்வது, மறுப்பது, விலை பேசுவது, தாமதத்துக்கு வருத்தம் சொல்வது ஆகியவை மனிதரிடமே இருக்க வேண்டும். இந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் அலுவலக மெயிலைத் தானியங்கி ஆக்கும் வேலையின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

யோசனை பழையதுதான். ரே ஓஸியின் ஐரிஸ் அசோசியேட்ஸ் குழு எழுதிய லோட்டஸ் நோட்ஸ் 1989-ல் விற்பனைக்கு வந்தபோதே, மெயிலும் படிவமும் ஒரே இடத்தில் இருந்தன. விடுப்பு விண்ணப்பத்தை ஊழியர் நிரப்புவார். அது மேலாளரின் பெட்டிக்குப் போகும். அவர் சம்மதித்தால் தானாகவே அடுத்த மேசைக்கு நகரும். 1995-ல் லோட்டஸை ஐபிஎம் வாங்கியது. 2019-ல் நோட்ஸ், எச்சிஎல் வசம் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார் தொடங்கிய அதே எச்சிஎல். ஆனால் சர்வரும் லைசென்ஸும் அதற்கென்றே டெவலப்பர்களும் வைத்திருந்த பெரிய நிறுவனங்களுக்குத்தான் அன்று அது கட்டுப்படியானது. இன்று ஐம்பது தையல் மெஷின் வைத்திருக்கும் யூனிட்டாலும் அதைச் செய்ய முடியும். கூகுள் ஃபார்ம்ஸும் ஷீட்ஸும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும் சேர்ந்தால் போதும். மைக்ரோசாஃப்ட் பக்கம் பவர் ஆட்டோமேட் இருக்கிறது. சென்னையில் வளர்ந்த ஸோஹோவிடம் மெயில், ஃபார்ம்ஸ், ஃப்ளோ மூன்றும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எந்தக் கம்பெனியின் மென்பொருள் என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

யாருக்கு ஃபார்ம்?

முதலில் சறுக்குவது இங்கேதான். உற்சாகமாக ஒரு ஃபார்ம் தயாரித்து, “இனிமேல் அப்ரூவலை இதில் நிரப்புங்கள்” என்று பையருக்கு லிங்க் அனுப்புகிறார்கள். பையர் நிரப்ப மாட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு போர்ட்டல் இருக்கும், இல்லையென்றால் அவர் பழக்கப்படி மெயில் எழுதுவார். பணம் கொடுப்பவர் தன் பழக்கத்தை நமக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஃபார்ம் தேவைப்படுவது நம் பக்கத்தில்: சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் என்று வெளியே ஜாப் ஒர்க் கொடுத்திருக்கும் இடங்களுக்கு. அங்கிருந்து வரும் தகவல்தான் போனிலும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜிலும் சிதறிக் கிடக்கிறது.

அந்த ஃபார்மைப் போனில் நிரப்பப்போகிறவர் டையிங் மாஸ்டர். நின்றுகொண்டே, சாய மெஷினின் இரைச்சலுக்கு நடுவில், ஈரக் கையைத் துடைத்துவிட்டு நிரப்புவார். கேள்விகள் தமிழில் இருக்க வேண்டும். “எத்தனை கிலோ போட்டிருக்கீங்க?”, “எந்தத் தேதியில் கிடைக்கும்?” என்று நேரில் கேட்பதைப் போலவே எழுதலாம். நிறத்தின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது. ஒருவர் ‘நேவி’ என்பார், இன்னொருவர் ‘நேவி புளூ’ என்பார், மூன்றாமவர் ‘என்.புளூ’ என்று முடித்துவிடுவார். மனிதருக்கு மூன்றும் ஒன்றுதான், ஷீட்டுக்கு மூன்றும் வேறு வேறு. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு. கூகுள் ஃபார்ம்ஸில், சில விடைகளை முன்கூட்டியே நிரப்பிய லிங்க்கை உருவாக்க முடியும். ஸ்டைல் நம்பரும் நிறமும் ஏற்கெனவே நிரம்பிய லிங்க் மாஸ்டருக்குப் போனால் அவர் கிலோவையும் தேதியையும் மட்டும் போட்டு அனுப்பிவிடலாம்.

போட்டோ கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. கூகுள் ஃபார்ம்ஸில் கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். மாஸ்டர் அந்த இடத்தில் போனைப் பையில் போட்டுவிடுவார். போட்டோ வாட்ஸ்அப்பிலேயே வரட்டும்.

மூன்றாவது விடை

பையரின் மெயிலை என்ன செய்வது? அதற்குத்தான் பிளக்இன். கூகுள் இதை ஆட்-ஆன் என்கிறது. ஜிமெயிலுக்கு 2017-ல் வந்தது. அவுட்லுக்கில் ஆட்-இன். மெயிலைத் திறந்ததும் வலது பக்கத்தில் ஒரு சின்னப் பலகை விரியும். மெர்ச்சண்டைசர் அதில் ஸ்டைல் நம்பரையும் எந்தக் கட்டம் என்பதையும் தேர்ந்தெடுத்து, முடிவைக் குறித்துச் சேமித்தால், ஷீட்டில் ஒரு வரி ஏறும்; அந்த மெயிலுக்கான லிங்க்கும் பக்கத்தில் சேரும்; டையிங் மாஸ்டருக்கு உடனே தகவல் போகும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அரை நிமிட வேலை.

இதை வடிவமைக்கும்போது ‘ஓகே’, ‘நாட் ஓகே’ என்று இரண்டே விடை வைத்தால் பெரிய நஷ்டத்துக்கு வழி செய்கிறோம் என்று பொருள். பையர்கள் அப்படி எழுதுவதில்லை. “பி ஓகே, ஆனால் பல்க்கில் சிவப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதுவார்கள். இரண்டு பெட்டிகளே இருந்தால் மெர்ச்சண்டைசர் ‘ஓகே’யை அழுத்துவார், ‘ஆனால்’ காணாமல் போய்விடும், மாஸ்டர் லேப் டிப்பில் இருந்த நிறத்தையே பல்க்கில், அதாவது மொத்தத் துணியில், கொண்டுவந்து நிறுத்துவார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார், துணி ரிஜெக்ட் ஆகியிருக்கும். ஆகவே ‘திருத்தத்துடன் ஓகே’ என்ற மூன்றாவது விடை கட்டாயம் வேண்டும். அதை அழுத்தினால் பையர் எழுதிய வாக்கியத்தை அப்படியே ஒட்டாமல் சேமிக்க முடியாது என்று வைக்க வேண்டும். மாஸ்டருக்குப் போகும் தகவலில் அந்த வாக்கியம்தான் முதல் வரியாக இருக்க வேண்டும், கீழே தமிழில் அதன் பொருளோடு. நானே ஒரு நிறுவனத்துக்கு இந்த ஏற்பாட்டைச் சோதிக்கப் போனால் முதலில் தேடிப் பார்ப்பது இந்த மூன்றாவது விடையைத்தான்.

வெளியார் தயாரித்த பிளக்இன்னைச் சேர்க்கும்போது அது கேட்கும் அனுமதிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லா மெயிலையும் படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்டால், பையரோடு நடந்த விலைப் பேச்சு முழுவதும் அதைத் தயாரித்தவரின் கைக்கெட்டும் தூரத்துக்குப் போகிறது.

அனுப்பும் பட்டன்

ஷீட் நிரம்பிவிட்டால் வொர்க்ஃப்ளோ எளிது. ஏற்றுமதியில் எல்லோருக்கும் பழக்கமான டைம் அண்ட் ஆக்‌ஷன் காலெண்டர் இருக்கிறது. கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த அப்ரூவல் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று போடும் கணக்கு. தினமும் காலையில் ஸ்கிரிப்ட் அந்தத் தேதிகளையும் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். லேப் டிப் போய்ச் சேர்ந்து ஐந்து நாளாகியும் பதில் இல்லையென்றால், பையரோடு நடந்த அதே மெயில் சங்கிலியில் ஒரு நினைவூட்டலை எழுதி டிராஃப்டாக வைக்கட்டும். அனுப்பக் கூடாது.

ஏன் என்றால், அந்தப் பையர் ஈஸ்டர் விடுமுறையில் இருப்பது ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. நேற்று மாலைதான் விலை விஷயத்தில் அவரோடு மனத்தாங்கல் வந்தது என்பதும் தெரியாது. மெர்ச்சண்டைசருக்குத் தெரியும். டிராஃப்டைப் படித்து, இரண்டு சொற்களை மாற்றி அனுப்புவார். அல்லது இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவார். இப்போது ஏஐ எழுதித் தரும் பதில்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன். எழுதித் தரட்டும், அனுப்பும் பட்டன் மனிதரிடம் இருக்கட்டும். நம் தாமதத்தைப் பையருக்குச் சொல்லும் மெயிலை ஏஐ எழுதவும் விட வேண்டாம். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சீசன் ஆர்டரோடு சம்பந்தப்பட்டது.

உள்ளுக்குள் போகும் நினைவூட்டல்களிலும் அடக்கம் வேண்டும். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு மெயில் என்று வைத்தால் இரண்டே வாரத்தில் அவற்றையெல்லாம் ஒரு ஃபோல்டருக்குத் தள்ளும்படி ஊழியர்கள் ஃபில்டர் போட்டுவிடுவார்கள். காலையில் ஆளுக்கு ஒரே மெயில், அதில் அவர் இன்று செய்ய வேண்டியவை மட்டும். இந்த நாகரிகமும் புதிதல்ல. யூனிக்ஸ் கணினிகளுக்கு எரிக் ஆல்மன் எழுதிய ‘வெக்கேஷன்’ என்ற பழைய விடுப்புப் பதில் நிரல், ஒரே ஆள் எத்தனை மெயில் போட்டாலும் வாரத்துக்கு ஒரு பதில்தான் அனுப்பும். தானாகப் போகும் பதிலுக்குத் தானாகவே இன்னொரு பதில் போகக் கூடாது என்று 2004-ல் இணையத் தர விதியாகவே எழுதி வைத்தார்கள். இதைக் கவனிக்காமல் போட்ட இரண்டு தானியங்கிகள் ஒன்றுக்கொன்று பதில் அனுப்பிக்கொண்டே இருந்தால் காலையில் இன்பாக்ஸ் நிரம்பி வழியும்.

பின்னணியில் கவனிக்க வேண்டிய தொழில்நுட்ப வேலையும் கொஞ்சம் இருக்கிறது. இலவச ஜிமெயில் கணக்கில் ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் அனுப்ப முடியும். கட்டணக் கணக்கில் 1,500. வெளி மென்பொருள் ஒன்று நம் நிறுவன முகவரியில் மெயில் அனுப்புகிறதென்றால், நம் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹுவும் இதில் கறாராகிவிட்டன. சேர்க்காவிட்டால் நம் மெயில் ஸ்பேமுக்குப் போகும், சில சமயம் போய்ச் சேரவே சேராது. அடுத்து, ஸ்கிரிப்ட்டைக் குறித்த நேரத்தில் ஓட வைக்கும் டிரிக்கர், அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடுகிறது. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் எல்லாவற்றையும் தன் பெயரில் அமைத்துக் கொடுத்திருப்பார், வேறு வேலை கிடைத்துப் போவார், அலுவலகம் அவர் கணக்கை மூடும், நினைவூட்டல் நின்றுபோகும். நின்றுபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் மெயில் வராமல் இருப்பது எல்லாம் சரியாக நடப்பதைப் போலத்தான் தோன்றும். தனியாக ஒரு நிறுவனக் கணக்கைத் தொடங்கி, அதில்தான் இவற்றை அமைக்க வேண்டும். தாமதம் எதுவும் இல்லாத நாளிலும் “இன்று ஒன்றும் இல்லை” என்று ஒரு வரி வர வேண்டும்.

திருடருக்கும் இதே வசதி

மெயிலைத் தானாக இயக்கும் கதவு எல்லோருக்கும் திறக்கும். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு உலகம் சுற்றியது. அது புதிதாக எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அலுவலக வசதிக்காக வைத்திருந்த ஸ்கிரிப்ட் வழியைத்தான் பயன்படுத்தியது. வேறொரு நிரல் மெயில் அனுப்ப முயன்றால் அவுட்லுக் நம்மிடம் அனுமதி கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

இன்று ஏற்றுமதியாளர் பயப்பட வேண்டியது அமைதியான திருட்டுக்கு. பாஸ்வேர்டைப் பிடுங்கி இன்பாக்ஸுக்குள் வருபவர் அங்கே ஒரு ரூல் போடுவார்: ‘பேமென்ட்’, ‘இன்வாய்ஸ்’, ‘பேங்க்’ என்ற சொற்கள் உள்ள மெயில்களை யாரும் திறக்காத ஃபோல்டருக்கு நகர்த்து, ஒரு நகலை வெளியே அனுப்பு. பிறகு நம் பெயரில் பையருக்கு எழுதுவார், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று. பையர் சந்தேகப்பட்டுக் கேட்டாலும் அந்தக் கேள்வி நம் கண்ணில் படாது. அமெரிக்காவின் எஃப்பிஐ-க்கு 2023-ல் வந்த இத்தகைய மெயில் மோசடிப் புகார்களில் சொல்லப்பட்ட இழப்பு மட்டும் சுமார் 290 கோடி டாலர்.

ஆகவே வங்கிக் கணக்கு மாற்றம் என்ற சொல் வரும் எந்த மெயிலையும் வொர்க்ஃப்ளோவுக்குள் விடாதீர்கள். நாம் அனுப்பினாலும் நமக்கு வந்தாலும், மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பழைய பதிவில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, தெரிந்த குரலிடம் உறுதி செய்ய வேண்டும். பையரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எங்கள் கணக்கு மாறினால் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம் என்று. எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. மாதம் ஒரு முறை ஒவ்வொருவரின் மெயில் செட்டிங்ஸிலும் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டு பக்கங்களையும் திறந்து, அங்கே இருக்கும் ஒவ்வொரு ரூலையும் யார் போட்டது என்று கேளுங்கள். “நான் போடவில்லை” என்ற பதில் வந்தால் அந்த நிமிடமே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் அந்தக் கணக்கை வெளியேற்றிவிட்டு, கடந்த சில வாரங்களில் இன்வாய்ஸ் போன பையர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்வதற்கு மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். பையரும் தன் வங்கியிடம் அதே மணி நேரத்தில் பேச வேண்டும்; பணம் கிளம்பிய இடம் அதுதான்.