கையடக்கம் – 11: குச்சியா, விரலா?

2004 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு கையடக்கக் கணினி விற்பனைக்கு வந்தது. பெயர் அமிடா சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் 1999இல் தொடங்கிய அறக்கட்டளையின் பிள்ளை அது. பேராசிரியர்களின் பிக்கோபீட்டா நிறுவனம் வடிவமைத்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்துக் கொடுத்தது. உள்ளே லினக்ஸ். ஆரம்ப விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி. மணிக்கட்டை லேசாக அசைத்தால் பக்கம் புரளும்படி அசைவுணரியும் வைத்திருந்தார்கள். ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முன்பே! திரையைத் தொடுவதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் குச்சி.

அதே வருடம் நவம்பர் 21ஆம் தேதி அமெரிக்கக் கடைகளுக்கு நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க ஆட்டக்கருவி வந்தது. இரண்டு திரை; கீழ்த்திரை தொடுதிரை; அதற்கும் ஒரு பிளாஸ்டிக் குச்சி. பெங்களூர்ப் பேராசிரியர்கள் விவசாயியை மனத்தில் வைத்து வேலை செய்தார்கள், கியோட்டோவின் நின்டெண்டோக்காரர்கள் ஆட்டக்காரரை. அமிடா வந்த மறுவருடம் வரை சிம்ப்யூட்டர் விற்றது மொத்தமே சுமார் 4,000. டிஎஸ் குடும்பம் கடைசியில் 15 கோடியைத் தாண்டியது. ஆனாலும் இருவர் கையிலும் குச்சி இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த திரை.

அது அழுத்தத்தில் வேலை செய்யும் திரை. 1970களில் சாமுவேல் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கிய வழி. மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு படலங்கள், நடுவே மயிரிழை இடைவெளி. மேல் படலத்தை அழுத்தினால் கீழ் படலத்தைத் தொடும். தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தை முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே அளந்து இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அழுத்துவது நகமா, பேனா மூடியா, கையுறை போட்ட விரலா என்று அது பார்ப்பதில்லை. ஒரு குறை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அழுத்தினால் குழம்பிப்போய், இரண்டுக்கும் நடுவில் எங்கோ அழுத்தியதாகக் கணக்குச் சொல்லும்.

நின்டெண்டோவுக்கும் விரல் ஆசை இல்லாமல் இல்லை. முதல் டிஎஸ்ஸோடு கொடுத்த மணிக்கட்டுப் பட்டையின் நுனியில் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை இருந்தது. ‘சூப்பர் மரியோ 64 டிஎஸ்’ ஆட்டத்தில் அதை வைத்துத் திரையைத் தேய்த்து மரியோவை ஓடவிடலாம். அது எடுபடவில்லை என்றே சொல்லவேண்டும். எடுபட்டவை குச்சிக்கென்றே யோசித்த ஆட்டங்கள். 2007இல் வந்த செல்டா ஆட்டமான ‘ஃபேன்டம் அவர்கிளாஸ்’ஸில் பூமராங் எந்த வழியாகப் போய் எதை அடிக்கவேண்டும் என்று குச்சியால் கோடு இழுத்துக் காட்டுவோம். கடல் வரைபடத்தில் நம் கையெழுத்தில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாம். 2005இல் ஜப்பானில் வந்த மூளைப் பயிற்சி ஆட்டத்தில் டிஎஸ்ஸைப் புத்தகம்போல் பக்கவாட்டில் பிடித்து, கணக்குக்கு விடையைத் திரையில் எழுதவேண்டும். வீடியோ கேம் பக்கமே வராத பெரியவர்கள் அதற்காக டிஎஸ் வாங்கினார்கள்.

விரலால் இதெல்லாம் முடியாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் டிஎஸ்ஸின் கீழ்த்திரை 3 அங்குலம், 256க்கு 192 புள்ளி. ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. திரையில் பதியும் விரல்நுனி எட்டு, ஒன்பது மில்லிமீட்டர். அதாவது முப்பத்தைந்து புள்ளி அகலத்துக்குப் படத்தை மறைத்துவிடும். எதிரி நிற்பதே அந்த முப்பத்தைந்து புள்ளிக்குள்தான்.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையிலேயே குச்சியைக் கிண்டல் செய்தார். ஐபோன் திரையின் வழி வேறு. கண்ணாடிக்கு அடியில் மின்கம்பி வலை; விரல் நெருங்கினால் மின்னூட்டம் மாறும், அதை வைத்து இடம் அறியும். அழுத்தவே வேண்டாம், இரண்டு விரலையும் தனித்தனியே அறியும். நகத்தையும் பிளாஸ்டிக்கையும் அது மதிக்காது. 2011இல் வந்த சோனியின் கையடக்க ஆட்டக்கருவி பிஎஸ் வீட்டா அந்தப் பக்கம் போனது. போதாக்குறைக்கு முதுகிலும் ஒரு தொடுதளம் வைத்தார்கள். அது எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம் ஊரில் இந்த மாற்றத்தின் நடுவே மாட்டிக்கொண்டது ஆகாஷ் டேப்லெட். 2011 அக்டோபரில் மாணவர்களுக்காக மத்திய அரசு வெளியிட்ட முதல் ஆகாஷில் இருந்தது அழுத்தும் திரை. ஓடிய ஆண்ட்ராய்டோ விரலுக்கென எழுதப்பட்டது. மெல்லத் தள்ளினால் நகராது, பலமாக அழுத்தினால் வேறெங்கோ திறக்கும். அடுத்த வருடம் வந்த ஆகாஷ் 2இல் திரையை மாற்றிவிட்டார்கள். திரையின் மேல் பழி போட்டதை நான் முழுக்க ஒப்பமாட்டேன். டிஎஸ்ஸில் அதே வகைத் திரை அருமையாக ஓடியது, ஏனென்றால் ஆட்டத்தை எழுதியவருக்குக் கையில் என்ன இருக்கும் என்று தெரியும்.

விரல் ஜெயித்ததும் ஆட்டமே உருமாறியது. 2013இல் பெங்களூரில் தொடங்கிய மூன்ஃபிராக் நிறுவனத்தின் ‘தீன்பத்தி கோல்டு’ நல்ல உதாரணம்: பெரிய சீட்டு, பெரிய பொத்தான், குறி பார்க்கவே வேண்டாம். பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையில் ஆடலாம். அது சாதாரண வசதி இல்லை. ஆனால் கோடு இழுக்கும் ஆட்டங்களுக்கு இடம் சுருங்கிப்போனது. டிஎஸ்ஸில் தாளத்துக்குத் தட்டும் ‘ஓயெண்டான்’ ஆட்டத்தைப் பார்த்து ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் 2007இல் கணினிக்கு ‘ஓசு’ எழுதினார். அதைத் தீவிரமாக ஆடுகிறவர்களில் பலர் இன்றும் ஓவியர்கள் வைத்திருக்கும் பேனா டேப்லெட்டில்தான் ஆடுகிறார்கள்.

டிஎஸ் குடும்பத்தின் பழைய டிஎஸ் லைட் வேண்டுமென்றால் பெங்களூரில் மெஜஸ்டிக் பக்கமோ எஸ்.பி. ரோடு பக்கமோ விசாரிக்கலாம். “டச் ஓகே சார், பென் மட்டும் இல்ல” என்பார்கள். பென் இல்லாவிட்டால் பரவாயில்லை, டச் ஓகேவா என்பதை நாமே பார்க்கவேண்டும். செட்டிங்ஸில் திரையைச் சரிசெய்யும் இடத்துக்குப் போய், அது காட்டும் புள்ளிகளை மெல்லிய நுனியுள்ள ஒன்றால் தொடுங்கள். பிறகு நான்கு ஓரங்களிலும் தட்டுங்கள். ஓரத்தில் பிசகினால் மேல் படலம் தேய்ந்திருக்கிறது. படலம் தனியாகக் கிடைக்கும். கீழ்த்திரைமேல் ஒட்டிய ஏடுதான். திறக்க மூன்று கிளைத் திருப்புளி வேண்டும், நாடாபோன்ற இணைப்புக் கம்பியை இழுத்துவிடக் கூடாது.

நின்டெண்டோவும் 2017இல் ஸ்விட்ச் என்ற கருவியோடு விரல் திரைக்கு மாறியது. இரண்டு வருடம் கழித்து மூளைப் பயிற்சி ஆட்டத்தை ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தபோது, பெட்டிக்குள் ஆட்டத்தோடு ஒரு குச்சியையும் போட்டுத்தான் விற்றார்கள். அதைச் செருகி வைக்க ஸ்விட்சில் இடம் கிடையாது.

(தொடரும்)