கணிப்பொறிக்குள் ஒரு விடுப்பு விண்ணப்பம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

நம் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. அக்காலத் தொழிற்சாலைகளில் காலையில் சங்கு ஊதும். தொழிலாளர் வாயிலில் நின்று, தம் பெயர் எழுதிய அட்டையைக் கடிகாரத்தில் செருகி, நேரத்தைப் பதித்துக்கொண்டு உள்ளே செல்வர். விடுப்பு வேண்டுமாயின் ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்டுவர். அவர் முகம் போகும் போக்கிலேயே, கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதி விளங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ அதே தொழிற்பேட்டையில் பல இடங்களில் அட்டை போய் விரல்ரேகைப் பொறி வந்துவிட்டது. தாள் போய்க் கைப்பேசித் திரை வந்துவிட்டது. விண்ணப்பம் யார் மேசையில் இருக்கிறது என்று கேட்டால், "சிஸ்டத்தில் இருக்கிறது" என்று பதில் வருகிறது. அந்தச் 'சிஸ்டம்' என்பதுதான் என்ன? அதற்குள் மனிதருக்கு என்ன இடம்? தோழியரே, இதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைகளைப் படிப்படியாக வகுத்து, ஒரு படி முடிந்ததும் அடுத்த படிக்குத் தானே அனுப்பிவைக்கும் கணிப்பொறி ஏற்பாட்டுக்குச் செயல்முறை மேலாண்மை மென்பொருள் என்று பெயர். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன அல்லவா? அதுபோல விடுப்பு விண்ணப்பத்துக்கும் நிலையங்கள் உண்டு. விண்ணப்பித்தவர், மேற்பார்வையாளர், மனிதவளப் பிரிவு, சம்பளக் கணக்கு என்பவை அவை. இந்தப் பாதையைப் படமாக வரைவதற்கென்றே 2004-இல் ஒரு குறியீட்டு முறை வந்தது. 2011-இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. வட்டம் தொடக்கத்தைக் குறிக்கும். கட்டம் வேலையைக் குறிக்கும். சாய்சதுரம் 'ஆம், இல்லை' என்று வழி பிரியும் இடத்தைக் குறிக்கும். நீச்சல் குளத்தில் கயிறு கட்டித் தடம் பிரிப்பதுபோலத் தாளை நீளவாக்கில் பிரித்து, ஒவ்வொரு தடமும் இன்னார் பொறுப்பு என்று எழுதுவர்.

இத்தகைய மென்பொருள் எங்கோ அமெரிக்காவில்தான் செய்யப்படுகிறது என்று எண்ண வேண்டாம். சுரேஷ் சம்பந்தம் சென்னையில் தொடங்கிய ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கிஸ்ஃப்ளோ இந்த வகையைச் சேர்ந்ததே. நிரல் எழுதத் தெரியாத அலுவலர்கூடத் திரையில் கட்டங்களை இழுத்து வைத்துப் பாதை அமைக்கலாம் என்பது அதன் சிறப்பு. ஸோஹோ நிறுவனத்தின் 'பீப்பிள்' வருகை, விடுப்பு முதலிய ஊழியர் விவரங்களைக் கவனிப்பது.

பாதையை வரைவது எளிது. நிலையந்தோறும் ஆளை நிறுத்துவதுதான் கடினம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. செயல்முறைகளைக் கணிப்பொறிக்கு எழுதிக் கொடுப்பதற்கென 'பீப்பெல்' என்றொரு மொழியை அமைத்தார்கள். 2007-இல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஒரு கணிப்பொறி இன்னொரு கணிப்பொறியை அழைப்பதற்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஒரு மனிதர் செய்யவேண்டிய வேலை என்று குறிப்பதற்கு அதில் இடமே இல்லை! இந்தக் குறையை உணர்ந்த ஐ.பி.எம்., எஸ்.ஏ.பி. ஆகிய இரு நிறுவனங்களும் 2005-இலேயே, மனிதரையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிற்சேர்க்கையை முன்மொழிந்திருந்தன. அது விரிவாக எழுதி முடிக்கப்பட்டது 2010-இல்தான். வீடு முழுதும் கட்டிவிட்டுக் குடியிருப்போருக்கு வாயில் வைக்க மறந்து, பிறகு சுவரை இடித்த கதைதான் இது.

அந்தப் பிற்சேர்க்கை கற்றுத்தரும் முதற்பாடம், ஆள் வேறு, பொறுப்பு வேறு என்பது. விண்ணப்பத்தை இன்ன பெயருடையவருக்கு அனுப்பு என்று விதி எழுதக்கூடாது. 'இப்பிரிவின் இன்றைய மேற்பார்வையாளருக்கு அனுப்பு' என்று எழுத வேண்டும். யார் அந்த மேற்பார்வையாளர் என்பதைத் தனிப் பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும். வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்து, வேலையைத் தருமுன் ஆளை ஆராயச் சொன்னார். மென்பொருளோ ஆளை ஆராய்வதில்லை. பட்டியலில் உள்ளதைப் பார்க்கிறது. ஆராய்ந்து பட்டியலை எழுதுவது இன்றும் மனிதர் வேலையே.

ஆள், பொறுப்பு, நிறுவனம் ஆகிய மூன்றையும் ஏன் தனித்தனியே வைக்க வேண்டும் என்பதற்கு நம் ஆவடியே சான்று. 2021 அக்டோபர் 1 அன்று மத்திய அரசு நாட்டிலுள்ள 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு நிறுவனங்களாக மாற்றியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின்கீழ் வந்தது. நாடு முழுதும் ஏறத்தாழ 70,000 ஊழியர், அயற்பணியில் உள்ளவர்களாகக் கருதப்பட்டுப் புதிய நிறுவனங்களின்கீழ் சென்றனர். தொழிலாளி நின்ற இயந்திரம் மாறவில்லை. அவர் கைத்திறன் மாறவில்லை. அவர் எந்த நிறுவனத்தில் பணிபுரிகிறார் என்ற ஒன்று மட்டும் ஒரே நாளில் மாறிற்று. மூன்றையும் ஒரே வரியில் கலந்து எழுதிய ஏடாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுத நேர்ந்திருக்கும்.

அடுத்தது, வேலையைக் கொடுக்கும் விதம். ஆசிரியை வகுப்பில், "கரும்பலகையை யார் துடைக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்பது ஒரு விதம். "நீ துடை" என்று ஒருத்தியைச் சுட்டுவது இன்னொரு விதம். மென்பொருளிலும் இவ்விரண்டும் உண்டு. பொதுவாகக் கேட்கும்போது வேலை ஒரு குழுவினர் அனைவரின் திரையிலும் 'தயார்' என்று தோன்றும். ஒருவர் அதை எடுத்துக்கொண்டவுடன் அது அவருக்கு 'ஒதுக்கப்பட்டது' ஆகி, மற்றவர் திரையிலிருந்து மறையும். இதில் ஒரு தொல்லை, எளிய வேலைகளையெல்லாம் சாமர்த்தியசாலிகள் முதலில் எடுத்துக்கொண்டு, சிக்கலானவற்றை விட்டுவிடுவார்கள். எந்த வகுப்பில்தான் இது நடப்பதில்லை? ஆகவே சில இடங்களில் முறை வைத்துக் கொடுப்பர். சில இடங்களில் யாரிடம் வேலை குறைவாகத் தேங்கியுள்ளதோ அவருக்குக் கொடுப்பர். சில இடங்களில் முன்பு அதே விண்ணப்பத்தைப் பார்த்தவரிடமே மறுபடியும் கொடுப்பர். கதையை முதலிலிருந்து மீண்டும் சொல்லவேண்டியதில்லை என்பதால் கடைசி முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இருந்த ஆராய்ச்சியாளர் சிலர் 2005-இல் இப்படி வேலையையும் ஆளையும் இணைக்கும் விதங்களைத் தொகுத்தபோது அவை 43 ஆயின.

யாரிடம் கொடுப்பது என்பதைப் போலவே யாரிடம் கொடுக்கக்கூடாது என்பதும் விதியில் உண்டு. தம் விடுப்பைத் தாமே ஒப்புக்கொள்ள யாரையும் விடக்கூடாது. தமிழக அரசு தன் ஊழியரின் சம்பளத்துக்கும் பணிப்பதிவேட்டுக்குமாக 2019-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தில், பட்டியலைத் தொடங்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர் என்று மூன்று பொறுப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பட்டியலை ஒரே கண் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்களுக்கு யார் வரலாம் என்பதோடு யார் வரக்கூடாது என்பதையும் சொல்கின்றன. வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. இக்காலத்து மென்பொருள் வல்லுநர் இதைப் படித்தால் விலக்கப்பட்டோர் பட்டியல் என்று உடனே புரிந்துகொள்வார்.

இனி, என் எண்ணத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அது காலியான நாற்காலி.

எங்கள் தெருவில் வசிக்கும் அத்தை ஒருவர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மகளின் அறுவை சிகிச்சைக்காக மூன்று நாள் விடுப்புக் கேட்டுக் கைப்பேசியில் விண்ணப்பித்தார். அது மேற்பார்வையாளருக்குச் சென்றது. அந்த மேற்பார்வையாளரோ பத்து நாளைக்கு முன்பே வேறு ஷிப்டுக்கு மாற்றப்பட்டிருந்தார். பட்டியலை யாரும் திருத்தவில்லை. விண்ணப்பத்தை மறுத்தவர் ஒருவருமில்லை, பார்த்தவரும் ஒருவருமில்லை. மாதக் கடைசியில் மென்பொருள் தன் கடமையைத் தவறாமல் செய்து, 'அனுமதியின்றி வராதவர்' என்று மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. அந்த மாதம் அத்தையால் சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை. "அந்த சூப்பர்வைசர் தங்கமானவர் அம்மா, நேரில் கேட்டிருந்தால் அப்பொழுதே 'போய்ட்டு வாங்க' என்றிருப்பார்" என்றுதான் அத்தை சொன்னார். மறுமாதம் பணம் திரும்ப வந்தது, ஆனால் நான்கு முறை அலைந்த பிறகு.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. நல்ல செயல்முறையில் மூன்று ஏற்பாடுகள் இருக்கும். விடுப்பில் செல்பவர் தம் பொறுப்பை இன்னாரிடம் இத்தனை நாளுக்கு ஒப்படைக்கிறேன் என்று முன்கூட்டியே குறித்து வைப்பது ஒன்று. குறித்த நாளுக்குள் யாரும் தொடாவிட்டால் விண்ணப்பம் தானே மேலதிகாரியிடம் ஏறிச்செல்வது மற்றொன்று. தேங்கிக் கிடப்பனவற்றையெல்லாம் பார்த்து வேறொருவர் கைக்கு மாற்ற அதிகாரம் பெற்ற ஒரு நிர்வாகி இருப்பது இன்னொன்று. மேலே ஏறுவதிலும் அளவு வேண்டும். எல்லாமே ஏறினால் மேலே இருப்பவர் மூச்சுத் திணறிப் போவார். மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்த விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். மோசே காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்து மக்கள் வழக்குகளையெல்லாம் கேட்பதைக் கண்ட மாமனார் இத்திரோ, இது நல்லதன்று, நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவர் என்று சொல்லி, ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை ஏற்படுத்தி, கடினமான வழக்குகளை மட்டும் தம்மிடம் வரச் செய்யும்படி அறிவுரை கூறினார். களைத்துப்போவோரில் மக்களையும் இத்திரோ சேர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். காத்திருப்பவரும் களைக்கிறார்.

மென்பொருளால் விளையும் நன்மையையும் மறைக்கக்கூடாது. விண்ணப்பம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாரிடம் சென்றது என்பதெல்லாம் பதிவாகிறது. தாள் தொலைந்துவிட்டது என்று எவரும் கைவிரிக்க முடியாது. அத்தைக்குப் பணம் திரும்பியதும் அந்தப் பதிவைக் காட்டித்தான். முகத்தாட்சண்யம் பார்த்து ஒருவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு வேறு நியாயம் என்பதும் குறைகிறது.

ஆனால் பதிவாகும் எண்ணிக்கையைக் கொண்டே ஊழியரை அளக்கத் தொடங்கினால் வேறு கோளாறு வரும். ஒருவர் ஒரு நாளில் நாற்பது விண்ணப்பங்களை முடித்தார்; மற்றொருவர் பன்னிரண்டுதான் முடித்தார் என்று திரை காட்டும். அந்தப் பன்னிரண்டில் ஒன்று, கணவனை இழந்த ஒரு பெண்மணியின் வைப்புநிதி விண்ணப்பமாக இருக்கலாம். எந்தெந்தச் சான்று வேண்டும் என்று அவருக்குப் பொறுமையாக அரைமணி நேரம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். திரையில் அதுவும் ஒன்றே. ஊழியரை 'வளம்' என்று அழைப்பதே எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நிலக்கரியையும் நீரையும் அல்லவா அப்படிச் சொல்கிறோம்! ஆயினும் அச்சொல் நிலைத்துவிட்டது.

விரல்ரேகைப் பொறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் இரும்பையும் சிமெண்டையும் கையாண்டவர்களின் விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. நியாயவிலைக் கடையில் முதியவர்கள் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து அலுப்பதைப் பூவிருந்தவல்லியிலும் பார்க்கலாம், ஆவடியிலும் பார்க்கலாம். அதிகம் உழைத்த கையைத்தான் பொறி அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஆகவே பொறி ஏற்காதபோது என்ன செய்வது என்பதும் செயல்முறைப் படத்தில் ஒரு தடமாக இருக்க வேண்டும். அத்தையின் தொழிற்சாலையில் இதற்கென வாயிற்காவலரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதாம். ரேகை விழாதவர் அதில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே செல்கிறார். மாலையில் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்துக் கணிப்பொறியில் ஏற்றுகிறார். அவர் விடுப்பில் சென்றால் யார் ஏற்றுவது என்றும் இப்போது அந்த நோட்டின் முதற்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.