‘ஐடியா’ ட்யூனுக்குச் சொந்த ஊர் ஒரு கன்னடப் படம்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் ஊர் கெலமங்கலம். இங்கிருந்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஓசூர் சிப்காட்டோடு நிற்பதில்லை. பெங்களூரு வரைக்கும் போய் வருகிறார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்டினாலே செல்போன் ‘ரோமிங்’கில் விழுந்துவிடும், பேசுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூடுதல் காசு. அந்தக் காலத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டி.வி.யில் ஓயாமல் ஒலித்த ஒரு மெட்டு உண்டு. ஐடியா செல்லுலார் நிறுவனத்தின் விளம்பர இசை. யாராவது முதல் நான்கு சுரத்தை முணுமுணுத்தால் மீதியைப் பக்கத்தில் இருப்பவர் முடித்துவைப்பார்.

அது விளம்பரத்துக்காகப் போட்ட மெட்டு இல்லை. 1983 ஜனவரியில் வெளிவந்த ‘பல்லவி அனுபல்லவி’ என்ற கன்னடப் படத்தின் தீம் மியூசிக். இசை, இளையராஜா. இயக்கம், அதுவரை ஒரு படமும் எடுத்திராத மணிரத்னம்.

மணிரத்னம் அப்போது மேலாண்மை படித்துவிட்டு ஆலோசகர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நண்பர் ரவிசங்கர் எடுத்த ‘பங்காரத கனி’ என்ற கன்னடப் படத்துக்காக வேலையில் விடுப்பு எடுத்தார். சினிமா அவரைத் திரும்ப விடவில்லை. தன் கையில் இருந்த கதையைப் படமாக்க அவர் தட்டிய கதவுகள் திறக்கவில்லை. கடைசியில் அவருடைய மாமா, செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், கன்னடத்தில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். ஆக, தமிழ் சினிமாவின் முக்கியமான இயக்குநர் ஒருவர் கன்னடத்தில் தொடங்கியதற்குக் காரணம் பட்ஜெட்தான்.

பட்ஜெட் சிறியது, ஆனால் கூட்டணியைப் பாருங்கள். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. படத்தொகுப்பு பி. லெனின். நாயகன் அனில் கபூர். இந்தியில் அவரை நாயகனாக நிறுத்திய ‘வோ சாத் தின்’ வருவதற்குச் சில மாதங்கள் முன்பே இந்தப் படம் வந்துவிட்டது. கணவனைப் பிரிந்து மகனோடு வாழும் பெண்ணாக லட்சுமி.

இளையராஜாவிடம் மணிரத்னத்தை அழைத்துப்போனவர் பாலு மகேந்திரா. கையில் பணமில்லை என்று புது இயக்குநர் வெளிப்படையாகச் சொல்ல, ராஜா வழக்கமாக வாங்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு இசையமைக்கச் சம்மதித்தார். சம்பளம் குறைந்ததே தவிர, இசையில் ஒரு குறையும் இல்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய ‘நகுவ நயன’ கர்நாடகத்தில் இன்றும் பழையதாகாத பாட்டு.

கன்னடம் ராஜாவுக்கு அந்நிய மொழியே அல்ல. ‘அன்னக்கிளி’க்கு முன்னால், கன்னடத் திரையிசையின் பெரும்புள்ளி ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் அவர். 1981இல் சங்கர் நாக் இயக்கிய ‘கீதா’ படத்துக்கு அவர் போட்ட ‘ஜொதெயலி’ மெட்டு 1984இல் தமிழில் ‘நூறாவது நாள்’ படத்துக்கு வந்தது. 2007இல் ‘சீனி கம்’ படத்தில் இந்தி பேசியது. ‘பல்லவி அனுபல்லவி’யும் ‘பிரியா ஓ பிரியா’ என்ற பெயரில் தமிழுக்கு டப் செய்யப்பட்டது.

படம் பெரிய வசூல் காணவில்லை. மணிரத்னத்துக்குச் சிறந்த திரைக்கதைக்கான கர்நாடக அரசு விருதை மட்டும் வாங்கித் தந்தது. தீம் மியூசிக் தன் வழியில் தனியாகப் போனது. படத்தை ஒரு நாளும் பார்த்திராத கோடிக்கணக்கானவர்களின் காதில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது செல்போன் விளம்பரம்.

ஏன் இந்த மெட்டு? பல மாநிலங்களில் சிம் கார்டு விற்கும் நிறுவனத்துக்குச் சொற்கள் இடைஞ்சல். பாட்டு என்றால் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். வரியே இல்லாத தீம் மியூசிக் எல்லா ஊரிலும் ஒன்றுபோலச் செல்லும். தவிர, விளம்பரத்துக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் ஏறி, இறங்கி, முழுமையாக முடியும் ஒரு சிறு மெட்டு வேண்டும். நல்ல திரைப்படத் தீமும் அப்படித்தான் அமைந்திருக்கும். படத்தில் எந்த இடத்தில் துண்டாக வைத்தாலும் தனியாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்படுகிறது.

இதே காலத்தில் ஏர்டெல்லுக்கு ஏ.ஆர். ரஹ்மான் ஒரு ட்யூன் போட்டார். அது ரஹ்மானுடையது என்பது ஊரறிந்த செய்தி, ஏனென்றால் அவர் பெயரைச் சொல்லியே விளம்பரம் செய்தார்கள். ராஜாவின் மெட்டோ கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ‘ஐடியா ட்யூன்’ மட்டும்தான். இந்த வேறுபாடு சிறியதல்ல. இசையமைப்பாளருக்குப் பெயரும் உரிமைத்தொகையும் சேர வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலம் எழுந்த பிறகே 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்துக்காக உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், படத்துக்கு வெளியே அந்த இசை பயன்படும்போது வரும் தொகையில் படைத்தவருக்குப் பங்கு உண்டு என்று அது உறுதி செய்தது. சட்டம் தொகையைத்தான் பார்த்துக்கொள்ளும். பெயரைச் சொல்வது கேட்கிறவர்கள் கையிலும் இருக்கிறது.

ராஜா–மணிரத்னம் கூட்டணி அந்தக் கன்னடப் படத்தில் தொடங்கி 1991இல் ‘தளபதி’ வரை பத்துப் படங்கள் நீடித்தது. ஐடியா 2018இல் வோடபோனோடு இணைந்தது. இரண்டு வருடங்களில் பெயரும் ‘வி’ என்று மாறிவிட்டது. மெட்டு மட்டும் பழைய ரிங்டோனாக இன்னும் சிலர் போனில் இருக்கிறது. அடுத்த முறை யாராவது அதை ‘ஐடியா ட்யூன்’ என்று சொன்னால், ‘பல்லவி அனுபல்லவி’, இளையராஜா, 1983 என்று சேர்த்துச் சொல்லுங்கள்.