வாவிக் கரையில் ஓர் ஆண்டுப் பிறப்பு

கல்லடிப் பாலத்தருகே, நிலவெறிக்கும் இரவில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி மறுமுனையிற் செவியை வைத்தால், நரம்பொன்று அதிர்வது போன்ற மெல்லிய ஓசை எழுந்து வரும். மீன் பாடுகிறது என்பர் எம்மூரார். மீனன்று, சிப்பியும் ஊரியுமே அவ்வோசைக்குக் காரணம் என்பாரும் உளர். பாடுவது எதுவாயினும் ஆகுக. இவ்வாவி மீன்களைப் பற்றி வேறொரு வகையிற் சிந்திக்க என்னைத் தூண்டியது, யூதர்தம் ஆண்டுப் பிறப்பு வழக்கமொன்று.

எமக்குச் சித்திரையிற் பிறக்கும் ஆண்டு, அவர்க்குத் திஷ்ரி மாதத்து முதல் நாளிற் பிறக்கிறது. எம் ஆவணி புரட்டாதிக் காலத்தை ஒட்டி வருவது அது. ஆப்பிளைத் தேனில் தோய்த்துண்டு இனிய ஆண்டு வேண்டுவர். பிற்பகலில் நீர்நிலையொன்றை நாடிச் சென்று, பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிடும் இறைவனைக் குறித்து மீகா தீர்க்கதரிசி கூறியவற்றை ஓதுவர். தஷ்லிக் என்பது இச்சடங்கின் பெயர். அந்நீர் மீன் வாழும் நீராயிருத்தல் சிறப்பாம். மீனின் கண்கள் மூடுவதில்லை. மூடாத அக்கண்கள் இறைவனின் உறங்காக் காவலை நினைவூட்டுகின்றன என்று அவர்களுட் சிலர் விளக்குவர். மதுரையில் அன்னைக்கு மீனாட்சி என்று பெயர் சூட்டிய தமிழர்க்கு இவ்விளக்கம் புதுமையாய்த் தோன்றாது.

இதைப் படித்தபோது, பாவத்தைத் தொலைக்க எத்துணை எளிய வழி என்று மகிழ்ந்தேன். வாவியோ வாசலிலேயே கிடக்கிறது! அடுத்த ஏட்டைப் புரட்டியதும் அம்மகிழ்ச்சி போயிற்று.

ஆண்டுப் பிறப்பிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாள். மனிதன் கடவுளுக்குச் செய்த பிழையை அந்நாள் தீர்க்கும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையையோ, பிழைபட்டவன் மனங்குளிரும்வரை அந்நாளும் தீர்க்காது என்பது மிஷ்னா என்னும் பழஞ்சட்ட நூலின் விதி. வைகாசியிற் கண்ணகையம்மனின் சினம் ஆறக் குளிர்த்தி பாடும் மட்டக்களப்பார்க்குக் 'குளிர்தல்' என்ற சொல்லின் பொருளை யான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விதியை மேலும் வகுத்துரைத்தவர் மைமோனிடீஸ். ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவிற் பிறந்து, எகிப்திலே குடியேறி, மருத்துவராய்ப் புகழ்பெற்று, 1204 இல் மறைந்தவர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முஸ்லிம்களின் நடுவே கழித்த யூதப் பேரறிஞர். அவருடைய தம்பி தாவீது வாணிகத்தின் பொருட்டுக் கப்பலேறி இந்துமாக்கடலில் மூழ்கி இறந்தான். இதை அறிந்தபின் அவர் எனக்கு எட்டாத் தொலைவினராய்த் தோன்றவில்லை. பிழை செய்தவன் நேரிற் சென்று கேட்கவேண்டும் என்கிறார் அவர். பிழைபட்டவன் மனமிரங்கானாயின் நண்பர் மூவரை அழைத்துச் செல்லவேண்டும். அப்படியும் இரங்கானாயின் மீண்டும், மும்முறை. அவன் இறந்திருந்தால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையில் பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும். கடன் இருந்தால் வாரிசுகளிடம் கொடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் நூலை மூடி வைத்தேன். என் கணக்கு அங்கேதான் இருந்தது.

ஒரே பாடசாலையில் யான் தமிழும் அவர் கணிதமும் கற்பித்தோம். காத்தான்குடியார். ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்போம். 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியில் என் வீட்டுக் கூரை பறந்தது. மறுநாள் முற்பகல், பாதையெங்கும் வீழ்ந்து கிடந்த தென்னைகளை ஏறிக் கடந்து, தலையில் அரைமூடை அரிசியுடன் அவர் வந்து நின்றார். என் தாயும் மனைவியும் கைக்குழந்தையும் பதினைந்து நாள் அவர் வீட்டில் இருந்தார்கள். அவர் வீடு என்கிறேன். உண்மையில் அது அவர் மனைவியின் சீதன வீடு. தாய்வழிக் குடிமுறையும், மணமான ஆடவன் பெண்வீடு செல்லும் வழக்கமும் இப்பகுதித் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுச்சொத்து அல்லவா?

1990 ஓகஸ்ற் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எம்மினத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியோரே கொன்றனர். மாண்டவருள் என் நண்பரின் தம்பியும் ஒருவர். ஐந்து கல் தொலைவும் இல்லை, நான் போகவில்லை. செப்ரெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் தமிழர் கூட்டமாய்க் கொல்லப்பட்டனர். முக்குவரும் பட்டாணியரும் ஒன்றுகூடிப் பகைவரை வென்ற இடம் என்று பழங்கதை பேசும் ஊர் அது! எமக்கும் இழப்புண்டு என்று, ஒரு சாவை மற்றொரு சாவாற் கழித்துப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கணிதம் கற்பித்தவர் அவர். தவறான கணக்கைப் போட்டவன் நான். முதலில் அச்சம் தடுத்தது. அச்சம் நீங்கியபின் வெட்கம் தடுத்தது. 2009 இல் யுத்தம் முடிந்தது, பாதைகள் திறந்தன, அப்போதும் போகவில்லை. சில ஆண்டுகளின் பின் அவர் மறைந்த செய்தியைப் பத்திரிகையிற் கண்டேன்.

நன்றியறிதலை எபிரேய மொழியில் 'ஹக்காரத் ஹத்தோவ்' என்பர். 'நன்மையை அறிந்துகொள்ளல்' என்பதே அதன் நேர்ப்பொருள். வள்ளுவர் அதிகாரத் தலைப்பாய் வைத்த 'செய்ந்நன்றி அறிதல்' அதுவேயன்றோ? நன்றி என்னும் சொல்லின் பழம்பொருளும் நன்மை. இருமொழியும் வாயாற் சொல்வதைக் குறிக்காமல் அறிவதைக் குறிக்கின்றன. யூதர் என்ற பெயரின் மூலமாகிய யூதாவும், நான்காம் மகனைப் பெற்ற லேயாள் இறைவனைப் போற்றி இட்ட பெயர் என்று ஆதியாகமம் கூறும். அவ்வதிகாரத்தை முப்பதாண்டு வகுப்பில் நடத்திய எனக்கு, அரைமூடை அரிசி மறந்து போயிற்று. மறந்தது என்று எழுதுவதும் பொய். நினைத்தால் போகவேண்டி வரும் என்று நினையாதிருந்தேன்.

பத்துத் தமிழரைத் திரட்டிக்கொண்டு மையவாடிக்குச் செல்வது ஊர்வலமாகி விடும். ஆகவே சென்ற சித்திரைப் பிறப்பன்று, மருத்துநீர் வைத்து முழுகி, பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுத்தபின், அரைமூடை புத்தரிசியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியே சென்றேன். மகன் கதவைத் திறந்தான். சொல்லவேண்டியதை அவனிடம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டிருந்து, "உம்மாக்கிட்டச் சொல்லுங்க" என்றான். அதுவும் சரிதான், வீடு அவருடையது.

முக்காட்டுச் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நிலைப்படியில் வந்து நின்றார்.

"இவ்வளவு காலமா ஏன் வரல்ல, மாஸ்டர்?"

"பயம், தங்கச்சி. பிறகு வெட்கம்."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் பார்வை மூடையின்மீது சென்றது. பழைய கடன் என்றேன்.

"இதக் கடனெண்டு வாங்கினா, அண்டைக்கு நாங்க தந்ததும் கடனாப் போயிரும்" என்றார். "உலையில போடச் சொல்றன். இருந்து திண்டுட்டுப் போங்க."

உண்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மும்முறை கேட்கலாம் என்பது விதி. புறப்படும்போது மகன் படலைவரை வந்து, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரும்படி சொன்னான்.