பிழை காணலும் பிழை உரைத்தலும்

மூலனூர் வட்டாரத்தில் பனியன் தொழிலை அறிந்தோர்க்குச் 'செக்கிங்' புதிதன்று. தைத்து முடித்த ஆடையை மேசைமீது விரித்து, கறையோ ஓட்டையோ தையல் விடுபட்ட இடமோ உண்டாவெனப் பார்த்து, குறையுள்ள இடத்திலேயே அம்புக்குறி ஒட்டுவர். இணையச் செயலிகளை மனிதர் தம் கையால் இயக்கிச் சோதிக்கும் பணியும் இத்தகையதே.

சரக்கு லாரிகளுக்கான 'இ-வே பில்' 1.2.2018 அன்று நாடெங்கும் கட்டாயமாயிற்று. பதினைந்து நாள் வெள்ளோட்டம் நடந்திருந்தும், முதல் நாளிலேயே வலைத்தளம் பளு தாங்காது தடுமாற, அத்திட்டம் அன்றே தள்ளிவைக்கப்பட்டது. மாநிலம் கடக்கும் சரக்கிற்கு 1.4.2018 முதலே நடைமுறைக்கு வந்தது. பலர் ஒருங்கே நுழையும் பளுவைப் பொறிகொண்டே சோதிக்க இயலும். எனினும், பொறிக்குத் தோன்றாத பிழைகளும் உள. அவற்றிற்கு மனிதக் கண் வேண்டும்.

பிழை பெரும்பாலும் எல்லையில் ஒளிந்திருக்கும். 1.1.2021 முதல், சாதாரணச் சரக்கிற்கான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் அதன் பகுதிக்கும் மேலும் ஒரு நாள். ஆகவே இத்தகைய செயலியில் 199, 200, 201 ஆகிய மூன்றையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். கட்டத்தை வெறுமையாய் விட்டும், பொத்தானை இருமுறை அழுத்தியும் காணல் வேண்டும்.

தமிழறிந்தோர் மட்டுமே காணத்தக்க எல்லையும் ஒன்றுண்டு. 'மூலனூர்' நமக்கு 4 எழுத்து. யூனிகோடு முறையிலோ 7 குறிகள். ஆறு குறிகளே கொள்ளும் கட்டத்தில் புள்ளி உதிர்ந்து 'மூலனூர' என நிற்கும். தமிழறியாச் சோதனையாளர் இதனைப் பிழையென்றே உணரார்.

கண்டதை எவ்வாறு உரைப்பது? "வேலை செய்யவில்லை" என்பது புகாரேயன்றி அறிக்கையாகாது. "ஊர்ப்பெயர்க் கட்டத்தில் 'மூலனூர்' என இட்டுச் சேமித்தோம், 'மூலனூர்' என வரவேண்டும், 'மூலனூர' என வந்தது, மும்முறையும் அவ்வாறே" என்பதே அறிக்கை. எக்கருவி, எவ்வுலாவி, எந்நேரம் என்பவற்றையும் திரைப்படத்தையும் சேர்த்தல் நலம். ஒரு பிழைக்கு ஓர் அறிக்கை போதும்; செய்தவரைப் பழித்தல் வேண்டா.

ஆவணமின்றிச் செல்லும் சரக்கை வழியில் தடுத்து நிறுத்தச் சட்டம் இடந்தருகிறது. சரக்கு நின்றால் கப்பல் தவறும். தைத்தவர் கூலிவரை அத்தவறு பாயும். ஐயமின்றி எழுதப்பெறும் நான்கு வரி அதனைத் தடுக்கவல்லது. அவ்வரிகளை எழுதுதற்குரிய பயிற்சி தமிழ் பயிலும் நம் மாணவரிடம் உண்டு.